மொம்பாசாவிலிருந்து கெடி வரை: பவளச் சுவர்களைப் பார்க்கும் முறை

கென்யக் கடற்கரையில் இடிபாடாக நிற்கும் பழைய சுவாஹிலி ஊர் கெடி. அங்கே எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் அறையின் அகலத்தைப் பாருங்கள். நீளம் எவ்வளவு இருந்தாலும், அகலம் இரண்டரை, மூன்று மீட்டருக்குள் நின்றுவிடும். காரணம் கூரை. அலையாத்தி மரக் கம்புகளை வரிசையாக அடுக்கி, அவற்றின் மேல் பவளக்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொட்டிய கனத்த கூரை அது. கம்பு தாங்குகிற நீளம்தான் அறையின் அகலம். அந்தக் கம்புக்கு சுவாஹிலியில் போரிட்டி என்று பெயர். இதைத் தெரிந்துகொண்டு போனால் கென்யக் கடற்கரையின் பழைய ஊர்கள் வெறும் இடிபாடாகத் தெரியாது.

கல்லிலும் இரண்டு வகை உண்டு. சுவருக்குப் போட்டது நிலத்தில் தோண்டியெடுத்த பழம் பவளப்பாறை, கரடுமுரடாக இருக்கும். வாசல் வளைவு, மாடக்குழி, பள்ளிவாசலில் தொழுகைத் திசையைக் காட்டும் மிஹ்ராப் மாடம் போன்ற நுட்பமான இடங்களுக்குக் கடலிலிருந்து எடுத்த மென்பவளம். ஈரமாக இருக்கும்போது வெட்டிச் செதுக்குவார்கள், காய்ந்தால் இறுகிவிடும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைக் கெடியின் பெரிய பள்ளிவாசலில் பார்க்கலாம்.

பலரும் செய்யும் தவறு, கெடியை முதலில் பார்த்துவிட்டு மொம்பாசா நகரின் ஃபோர்ட் ஜீசஸ் கோட்டையைக் கடைசி நாளின் மிச்ச நேரத்துக்குத் தள்ளுவது. கோட்டையிலிருந்து தொடங்குவதே நல்லது. அங்குள்ள அருங்காட்சியகத்தில் கடற்கரை ஊர்களில் கிடைத்த சீனப் பீங்கான், மணிகள், மட்பாண்டங்களைப் பார்த்துவிட்டால், கெடியில் ‘பீங்கான் கிண்ண வீடு’, ‘சோழி வீடு’, ‘கத்தரிக்கோல் வீடு’ என்ற பலகைகள் புரியும். அகழாய்வில் கிடைத்த பொருளை வைத்தே வீடுகளுக்குப் பெயரிட்டார்கள்.

கோட்டையைப் போர்ச்சுகீசியர் 1593 முதல் 1596 வரை கட்டினார்கள். வரைந்தவர் இத்தாலியரான கைராத்தி. பவளத் திட்டையே அடித்தளம் என்பதால், சுவரின் கீழ்ப்பகுதி எங்கே முடிந்து இயற்கைப் பாறை எங்கே தொடங்குகிறது என்று வெளியே அகழிப் பக்கம் நின்று பார்ப்பது சுவையான வேலை. ஓமானியர் 1696 மார்ச் முதல் 1698 டிசம்பர் வரை முற்றுகையிட்டு இதைப் பிடித்தார்கள். அப்போது கோட்டைக்கு உதவ வந்து 1697இல் மூழ்கிய சாந்தோ அந்தோனியோ தி தன்னா என்ற கப்பல், இந்தியாவின் மேற்குக் கரையில் கட்டப்பட்டது. அதிலிருந்து எடுத்த பொருட்கள் கோட்டைக்குள் இருக்கின்றன. போர்ச்சுகீசிய வீரர்கள் சுவரில் கிறுக்கிய கப்பல், மனித உருவங்களையும் விடாதீர்கள். தளபதிகளின் பெயர்களைவிட அவை நெருக்கமாகப் பேசுகின்றன. பிரிட்டிஷார் இதைச் சிறையாக்கினார்கள்; 1962 முதல் அருங்காட்சியகம். நடு முற்றத்தில் நிழல் குறைவு. காலை எட்டு மணிக்குப் போய் முற்றத்தையும் கொத்தளங்களையும் முடித்துவிட்டு, வெயில் ஏறியதும் காட்சிக்கூடத்துக்குள் நுழையுங்கள். இரண்டரை மணி நேரம் வேண்டும்.

கெடி மொம்பாசாவுக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டர். மாலிண்டி போகும் மட்டாட்டுவில் (தனியார் சிறு பேருந்து) ஏறி, கெடே சந்திப்பில் இறக்கிவிடச் சொல்லுங்கள். இன்றைய ஊரின் பெயர் கெடே, இடிபாட்டின் பெயர் கெடி. 17ஆம் நூற்றாண்டில் கைவிடப்பட்ட ஊர் இது. ஏன் என்பதற்குக் கிணற்று நீர் இறங்கியது, படையெடுப்பு எனப் பல விளக்கங்கள் உண்டு. ஹிஜ்ரி 802, அதாவது 1399 என ஆண்டு பொறித்த கல்லறை நுழைவாயிலுக்கு அருகில்தான், அவசரத்தில் தாண்டிவிடுவார்கள். வீடுகளில் கதவே இல்லாத ஓர் உள்ளறை தெரிந்தால், அது பண்டக அறை. சுவரின் மேலே உள்ள திறப்பு வழியாக ஏணி வைத்து இறங்கினார்கள். கழிப்பறையும் கழுவுமிடமும் வீட்டுக்குள்ளேயே அமைந்திருப்பதைப் பார்க்கும்போது அந்த ஊர்மேல் மரியாதை கூடுகிறது.

தரையெல்லாம் மர வேர்கள், மழைக்குப் பின் வழுக்கும். மூடிய காலணி அவசியம். கொசு உண்டு. குரங்குகள் பையிலிருந்து பழத்தைப் பறிக்கும், உணவு எதையும் வெளியே எடுக்காதீர்கள். சுவர்மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுக்கவே கூடாது: சுண்ணாம்புக் காரை மழையில் ஏற்கெனவே அரிக்கப்பட்டிருக்கிறது, ஒரு கல் நகர்ந்தால் அடுத்த மழையில் வரிசையே சரியும்.

நுழைவுச் சீட்டுக்கு ரொக்கத்தை நம்பிப் போக வேண்டாம். எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை அல்லது அட்டை வழியாக அரசின் ஈசிட்டிசன் தளத்தில் கட்டும் முறை வந்துவிட்டது. வெளிநாட்டவர் கட்டணம் தனி, அதிகம். கென்யாவில் குடியிருப்பவர்கள் அடையாள அட்டை காட்டினால்தான் குறைந்த கட்டணம். வழிகாட்டியின் கூலியை நடக்கத் தொடங்கும் முன்பே பேசி முடியுங்கள்.

வடக்கே லாமு தீவு வரை போகிறவர்கள் பக்கத்து மாண்டா தீவில் தக்வா என்ற இடிபாட்டு ஊரையும் பார்க்கலாம். அங்கே அலையாத்திக் கால்வாய் வழியாகப் படகு போக உயரலை, அதாவது கடல்நீர் ஏறியிருக்கும் நேரம், வேண்டும். வற்றினால் படகு சேற்றில் நிற்கும். உயரலை நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பின்னுக்கு நகரும், ஆகவே நேற்று போனவர் சொன்ன நேரம் இன்று உதவாது. படகோட்டி சொல்லும் மணியையும் உறுதிப்படுத்துங்கள். சுவாஹிலிக் கணக்கில் சூரிய உதயத்தை ஒட்டிப் பகல் மணி எண்ணத் தொடங்குகிறார்கள்: ‘சா ம்பிலி’, அதாவது இரண்டு மணி, என்றால் நம் கடிகாரத்தில் காலை எட்டு. ஆறு மணி நேரத்தைக் கூட்டிச் சொல்லிக் கேட்டு, அவர் தலையசைத்த பிறகு முன்பணம் கொடுங்கள்.