பூச்சி பொட்டு இருக்கும், பார்த்துப் போ

எங்கள் ஊரில் பொழுது சாய்ந்துவிட்டால் பாம்பு என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். "பூச்சி பொட்டு இருக்கும், பார்த்துப் போ" என்பதுதான் வழக்கம். வயலுக்குக் கிளம்பும் அப்பாவிடம் அம்மா இதைச் சொல்லாத ராத்திரியே கிடையாது. கேட்டுக் கேட்டு எனக்கும் பிடித்துப்போன சொல்தான், ஆனால் அதே சொல் ஒரு பிள்ளையின் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் கண்ணாடி விரியன். போன மார்கழியில் ராத்திரி ஒரு மணிக்கு மும்முனை மின்சாரம் வரும் முறை. அப்பாவுக்குக் காய்ச்சல், அதனால் சித்தப்பாவும் நானும் போனோம். மோட்டார் கொட்டகைக்கு இன்னும் பத்தடி இருக்கும், குக்கரில் ஆவி போகிற மாதிரி ஒரு சத்தம், விட்டு விட்டு வருகிறது. சித்தப்பா என் தோளைப் பிடித்து அப்படியே நிறுத்திவிட்டார். லைட்டை அடித்தால், கதவோரம் கிடந்த தென்னை மட்டையை ஒட்டிச் சுருண்டு கிடக்கிறது. முதுகு நெடுகச் சங்கிலி கோத்தது போல வட்டம் வட்டமாகக் கரும்பழுப்புப் புள்ளிகள், முக்கோணத் தலை, ஒவ்வொரு சீறலுக்கும் உடம்பு உப்பி உப்பி இறங்குகிறது. என் கையில் நல்ல மூங்கில் கம்பு இருந்தது, ஒதுக்கிவிடலாம் என்று ஒரு எட்டு வைத்தேன். "வேண்டாம்டா, அது பாட்டுக்கு இருக்கட்டும், கரண்ட் எங்கே ஓடிப்போவுது" என்றார். பின்பக்கமாகவே நடந்து வரப்புக்கு வந்து, வெளிச்சத்தை அதன் மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முக்கால் மணி நேரம் ஆனது. சத்தம் அடங்கி, சுருள் மெல்லப் பிரிந்து, எந்த அவசரமும் இல்லாமல் வாய்க்கால் பக்கம் போனது. மட்டையைத் தூரத்திலிருந்தே கம்பால் புரட்டி, கீழே வேறு எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் மோட்டாரைப் போட்டோம்.

சித்தப்பா இப்படி உட்காரக் கற்றுக்கொண்டதற்கு அவர் கொடுத்த விலை அதிகம். ஆறு வருஷத்துக்கு முன் இதே மாதிரி வரப்பில் கிடந்த ஒன்றை அடிக்கப் போய்க் கணுக்காலில் வாங்கினார். ஈறிலிருந்து ரத்தம், கால் தொடை வரை வீக்கம், அடுத்த நாளே சிறுநீர் நின்றுபோய் மூன்று வாரம் டயாலிசிஸ். "அது என்னைத் தேடி வரலை, நான்தான் கிட்டே போனேன்" என்று இன்றைக்கும் சொல்வார். தெரியாமல் மிதித்துக் கடிபடுவது ஒரு வகை, அதற்குப் பரிகாரம் வெளிச்சமும் முழங்கால் வரை வரும் பூட்ஸும்தான். ஆனால் கண்ணால் பார்த்த பிறகு கடிபடுவது இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடிக்கப் போகிறார்கள், மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துத் தூக்குகிறார்கள், இப்போதெல்லாம் போட்டோ எடுக்கக் குனிகிறார்கள்.

எவ்வளவு தூரம் என்று கேட்பீர்கள். பாம்பு பொதுவாகத் தன் உடம்பில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதி நீளத்துக்குத் தாவிக் கொத்தும். ஆனால் சுருண்டு கிடப்பதன் நீளம் யாருக்குத் தெரியும்? அதனால் இந்தக் கணக்கை நம்பி நெருங்கவே கூடாது. எங்கள் வீட்டில் வைத்திருக்கும் அளவு, ஒரு ஆள் கால் நீட்டிப் படுத்தால் வருகிற நீளத்தைப் போல இரண்டு பங்கு. அதற்கு உள்ளே யாரும் கால் வைக்கக் கூடாது, செத்துக் கிடந்தாலும் கூடாது. வெட்டுண்ட தலைகூடக் கொஞ்ச நேரத்துக்குக் கடிக்கும். வீட்டுக்குள் வந்துவிட்டால் ஒருவர் கண்ணை எடுக்காமல் தள்ளி நின்று பார்க்க வேண்டும், இன்னொருவர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட வேண்டும், அவ்வளவுதான்.

வாலைப் பிடித்துத் தூக்கும் வீடியோக்களைப் பார்த்துப் பையன்கள் இறங்குவதுதான் பெரிய கவலை. செங்கல்பட்டுப் பக்கம் இருளர்கள் பிடிக்கிறார்கள் என்றால் அது தலைமுறை தலைமுறையாக வந்த வித்தை, மண்ணில் இருக்கும் தடத்தைப் பார்த்தே என்ன பாம்பு என்று சொல்லிவிடுவார்கள். வடநெம்மேலியில் அவர்கள் 1978 முதல் நடத்தும் கூட்டுறவுச் சங்கத்தில்தான் நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் நான்கிலிருந்தும் விஷம் எடுக்கிறார்கள். அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து முறிவு மருந்து செய்கிறார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தபோது சித்தப்பா தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார்.

சரி, பூச்சி கதைக்கு வருகிறேன். கட்டு விரியன் விஷயத்தில் நாம் தள்ளி நின்றால் மட்டும் போதாது, அதுவே நம் பாய்க்கு வந்துவிடும். ராத்திரியில்தான் நடமாட்டம், எலியையும் பல்லியையும் தேடி வீட்டுக்குள் நுழையும், தரையில் தூங்குபவர் புரண்டு படுத்தால் கடித்துவிடும். வலி தெரியாது, வீக்கம் இருக்காது, பல் பட்ட இடம் எறும்பு கடித்த அளவுகூட இருக்காது. எதிர்வீட்டுப் பெண் குழந்தைக்கு அப்போது ஏழு வயது. விடியற்காலை வயிற்றை வலிக்கிறது என்று எழுந்து அழுதாள், காதுக்குப் பின்னால் ஏதோ சுருக்கென்றது என்றாள். பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் அவள் பாட்டி சொன்னது, "ஏதோ பூச்சி கடிச்சிருக்கு". பூச்சிக்கடிக்கு உண்டான ஊசியைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அரை மணி நேரத்தில் கண் இமை இரண்டும் பாதியில் இறங்கி நின்றன. கண்ணைத் திற என்றால் நெற்றியைச் சுருக்கி மேலே இழுக்கிறாள், இமை வரவில்லை. பேச்சு குழறியது. 108இல் ஏற்றிக் கொண்டுபோனோம், வழியிலேயே மூச்சு திணற ஆரம்பித்து, அவர்கள்தான் பையை அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்தார்கள். நாலு நாள் வென்டிலேட்டரில் இருந்தாள்.

அதனால் ஆஸ்பத்திரிக்குப் போனால் பூச்சி என்று சொல்லாதீர்கள். "என்ன கடித்தது என்று தெரியாது, பாம்பாகவும் இருக்கலாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பாம்பைத் தேடி அடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை, நான்குக்கும் ஒரே மருந்துதான், குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான். இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், மந்திரிக்கக் கூட்டிப் போய் நேரத்தைத் தொலைக்காதீர்கள். மோதிரம், கொலுசு, கயிறு எல்லாம் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை ஆட்டாமல் ஒரு கட்டை வைத்துத் தளர்வாகக் கட்டி, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்று ஆக்கியிருக்கிறது. எங்கே எவ்வளவு மருந்து வேண்டும் என்ற கணக்கு இனியாவது சரியாகப் போய்ச் சேர வேண்டும்.

அந்தப் பிள்ளை இப்போது எட்டாவது படிக்கிறாள். அவர்கள் வீட்டில் இன்னும் கட்டில் வாங்கவில்லை, தரையில்தான் படுக்கை. ராத்திரி விளக்கை அணைப்பதற்கு முன் டார்ச்சை எடுத்து மூலை மூலையாக அடித்துப் பார்த்துவிட்டு, பாட்டியை முதலில் உள்ளே படுக்க வைத்து, கொசுவலையின் நாலு பக்கத்தையும் பாய்க்கு அடியில் அவளே செருகுகிறாள்.