சிங்கத் தூபக்கால்: வார்ப்பும் புகையும்

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு வெண்கலச் சிங்கம் நிற்கிறது. உயரம் 85 செ.மீ. ஈரானின் தாய்பாத் ஊரில் ஜாஃபர் இப்னு முஹம்மத் செய்தது; ஹிஜ்ரி 577, அதாவது 1181-82. செய்தவர் பெயர், செய்வித்த அமீர் (ஆட்சித் தலைவர்) பெயர், ஆண்டு எல்லாம் உடம்பிலேயே அரபியில் வெட்டியிருக்கிறது. தலையைக் கழற்றிக் கங்கு போடலாம். கழுத்திலும் உடலிலும் கொடிக்கோலத் துளைகள், புகை அதன் வழியே கசியும்.

புதுச்சேரியில் மெழுகு வார்ப்பு செய்பவர்கள் இதே அமைப்பில் சிறியதாக ஒன்று செய்து பார்க்கலாம். உள்மண்ணின் மேல் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் வெளிமண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிய இடத்தில் உலோகம் ஊற்றுவதுதான் மெழுகு வார்ப்பு. துளைகளை மெழுகிலேயே வெட்டுவதுதான் என் சிபாரிசு. துளை வழியே உள்மண்ணும் வெளிமண்ணும் ஒட்டிக்கொள்வதால், மெழுகு உருகி ஓடிய பிறகும் உள்மண் நகராது. நகர்ந்தால் ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் ஓட்டை விழும். துளைகளுக்கு இடைப்பட்ட கம்பி மிகவும் மெலிந்தால் உலோகம் பாதியிலேயே உறைந்துவிடும். உள்மண்ணில் துளி ஈரம் இருந்தாலும் ஆவி கிளம்பி வார்ப்பு கொப்பளிக்கும். சூளையில் நன்றாகச் சுட்டே ஆக வேண்டும், வெயிலில் காயவைத்தால் போதாது.

நெஞ்சின் கீழே காற்று நுழைய வழி வையுங்கள். இல்லாவிட்டால் கங்கு அணைந்துவிடும். அடியில் இரண்டு விரற்கடை சாம்பல், மேலே கொட்டாங்குச்சிக் கரி. கங்கு வெண்சாம்பல் பூத்த பிறகே சாம்பிராணி, அதுவும் ஒரு சிட்டிகை. ஜன்னல் திறந்திருக்கட்டும்.

நம் கடற்காற்றின் உப்பு வெண்கலத்தில் வெளிர்பச்சைப் பொடியாகக் கிளம்பும். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், நிறம் போய்விடும். ஈரமில்லாமல் துடைத்துத் தேன்மெழுகு பூசுங்கள்.