'ஜியோர்டானோ புரூனோ' படத்தை வைத்து விடை எழுதுவது எப்படி?

"திரைப்படத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா?" என்ற தேர்வுக் கேள்விக்குப் பலரும் எடுப்பது ஜூலியானோ மொண்டால்டோவின் 1973-ஆம் ஆண்டுப் படத்தை. திருச்சபை விசாரணையில் தண்டிக்கப்பட்டு எரிக்கப்பட்ட இத்தாலிய மெய்யியலாளர் புரூனோவின் கதை அது. "பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றதால் புரூனோவை எரித்தார்கள்" என்று முதல் வரியிலேயே எழுதி மதிப்பெண்ணை இழப்பவர்களும் அவர்களே. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸின் நூலுக்குத் தடை வந்ததே 1616-இல்தான். புரூனோ எரிக்கப்பட்டது 1600 பிப்ரவரி 17. திரித்துவம், கிறிஸ்துவின் இறைத்தன்மை, நற்கருணை ஆகிய திருச்சபைக் கோட்பாடுகளுக்கு முரணான கருத்துகள்தாம் (தப்பறைகள்) குற்றச்சாட்டுகளில் முன்னால் நின்றன. எண்ணற்ற உலகங்கள் உண்டு என்றதும் அவற்றோடு சேர்ந்தது.

முதல் தடவை பேனா இல்லாமல் பாருங்கள். இரண்டாம் தடவை தாளில் மூன்று நெடுவரிசை போடுங்கள்: நேரம், காட்சி, ஆவணம் உண்டா. மூன்றாவது நெடுவரிசைதான் விடையின் உயிர். வெனிஸில் புரூனோவுக்கு இடம் கொடுத்திருந்த மொசெனிகோவே காட்டிக்கொடுத்து, 1592 மே மாதம் புரூனோ கைதானபின் வெனிஸில் நடந்த விசாரணையின் பதிவுகள் இன்றும் இருக்கின்றன. அந்தக் காட்சிகளை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். 1593-இல் ரோமுக்குக் கொண்டுபோன பிறகு கதை வேறு. அங்கே முழு வழக்குக் கட்டு தொலைந்துபோனது. 1940-இல் கிடைத்தது சுருக்கம் மட்டுமே, அச்சானது 1942-இல். ஆகவே ரோம் பகுதி உரையாடல்களுக்கு நேரே 'கற்பனை அல்லது ஊகம்' என்று குறிப்பதே பாதுகாப்பு.

"தீர்ப்பைக் கேட்கும் என்னைவிடச் சொல்லும் உங்களுக்கே பயம் அதிகம் போலும்" என்று புரூனோ சொல்லும் பேச்சை வசனகர்த்தாவின் கைவண்ணம் என்று தள்ளிவிடாதீர்கள். தீர்ப்பு வாசித்தபோது அங்கிருந்த காஸ்பர் ஷோப்பேயின் கடிதத்தில் அது இருக்கிறது. அவர் புரூனோவை வெறுத்தவர். எதிராளியே எழுதிவைத்தது என்பதால் அதன் எடை கூடுகிறது. இந்த ஒரு வரியை விடையில் சேருங்கள்.

கதைச்சுருக்கம் மூன்று வரிக்கு மேல் வேண்டாம். ஸ்டொராரோவின் ஒளிப்பதிவு, மொரிக்கோனேயின் இசை எல்லாம் காட்சித் தொடர்பியல் தாளுக்கு. மெய்யியல் தாளில் ஒரு வரி போதும்.

ரோமில் புரூனோவை விசாரித்தவர்களில் ஒருவரான கர்தினால் பெல்லார்மின் பெயரில் இன்னொரு குழி. இவரே 1616-இல் கலிலியோவை எச்சரித்தவர் என்பதால், கலிலியோவின் 1633 விசாரணையிலும் அவரைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுகிறார்கள். அவர் 1621-இலேயே இறந்துவிட்டார். 1599-இல் கைவிடச் சொல்லி அவர் புரூனோ முன் வைத்த எட்டுக் கூற்றுகள் எவை என்ற முழுப் பட்டியலும் மிஞ்சவில்லை. ஒன்று முதல் எட்டு வரை எண் போட்டு எழுதினால் திருத்துபவர் அங்கேயே சிவப்பு மையைத் தொடுவார்.