அம்மாவின் கிளினிக் கொப்பி

அம்மாவுக்குச் சீனி வருத்தமும் பிரஷரும். அரசாங்க ஆஸ்பத்திரியில் மாதம் ஒருமுறை கிளினிக், ஒரு மாதத்துக்கான குளிசை, எல்லாம் இலவசம். விடிய ஆறு மணிக்கு முன்பே திருகோணமலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான உப்புவெளியிலிருந்து போய் நம்பர் எடுத்தால் பதினொரு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். 2020 ஊரடங்கில் கிளினிக்குக்குப் போக முடியாதபோது, சுகாதார அமைச்சும் தபால் திணைக்களமும் சேர்ந்து செய்த ஏற்பாட்டில் தபால்காரரே மருந்துப் பொதியைக் கேற்றடியில் கொண்டுவந்து தந்தார். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவார்.

2022 மே மாதம், இலங்கையின் பொருளாதார நெருக்கடிக்குள், மருந்து எழுதும் கிளினிக் கொப்பியோடு ஒரு துண்டும் வந்தது. ஐந்து குளிசையில் இரண்டு ஆஸ்பத்திரிக்குள்ளே இல்லை, வெளியில் வாங்க வேண்டும்.

மார்ச்சில் ரூபாயின் பெறுமதியைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று மிதக்கவிட்டிருந்தார்கள். 200 ரூபாயளவில் இருந்த டொலர் 360ஐத் தொட்டுவிட்டது. நாங்கள் விழுங்கும் மருந்தில் பெரும்பகுதி இறக்குமதி. விலையும் அரசின் அனுமதியோடேயே ஏறியது: மார்ச்சில் 29 சதவீதம், ஏப்ரல் கடைசியில் 60 வகை மருந்துகளுக்கு 40 சதவீதம். 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை வைத்தபோது சந்தோஷப்பட்டவர்களும் நாங்கள்தான்.

முதல் பாமசியில் இல்லை. இரண்டாவதில் ஒரு வெளிநாட்டுக் கொம்பனியின் பெட்டிதான் இருந்தது, விலையைக் கேட்டதும் கையை இழுத்துக்கொண்டேன். மூன்றாவதில் நின்ற அண்ணை துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, கொம்பனிப் பேரைக் கேட்டு அலையாதேங்கோ, மருந்துப் பேரைக் கேளுங்கோ" என்றார். சீனி வருத்தத்துக்கான மெட்போமின் என்று கேட்டால் நாலு கொம்பனியின் குளிசை வருகிறது, அதில் மலிவானதை எடுக்கலாம். இது தெரியாமல் எவ்வளவு காசைக் கரைத்திருப்பேன். பத்து நாளுக்கு மட்டும் வாங்கினேன், அவ்வளவுதான் கையில் இருந்தது.

பிரஷர் குளிசை எங்குமே இல்லை. கிண்ணியாவில் இருக்கும் கூட்டாளிக்குக் கொப்பிப் பக்கத்தைப் போனில் படமெடுத்து அனுப்பினேன். அவன் இரண்டு கார்டு குளிசை வாங்கி பஸ்ஸில் கொடுத்துவிட்டான். ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் பெற்றோல் என்று அறிவித்தார்கள். அப்புறம் சைக்கிள்தான். பெற்றோலுக்குக் கியூஆர் பங்கீட்டு முறை வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீட்டர் கிடைத்த பிறகுதான் மூச்சு வந்தது.

இதற்குள் அம்மா வேறொரு வேலை பார்த்திருந்தார். கார்டில் குளிசை கணக்குக்கு மேல் மிஞ்சியிருந்ததால் எனக்குச் சந்தேகம். மேசை லாச்சியைத் திறந்தால் பாதியாக உடைத்த குளிசைகள். "உனக்குச் செலவு என்றுதான்" என்றார். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. சோதித்துப் பார்த்தால் சாப்பிடாத வயிற்றில் சீனி 240.

அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. ஆஸ்பத்திரியில் அப்போது என்ன இருக்கிறது என்று கேட்டறிந்து பிரஷர் குளிசையை மாற்றி எழுதினார். அதை முதல் மாதமே கேட்டிருக்கலாம். இல்லை என்று சொன்னதும் துண்டோடு ஓடாமல், இருப்பதில் எது சரிவரும் என்று டொக்டரிடமே திரும்பிப் போய்க் கேளுங்கள். நாமாக மாற்றுவது மட்டும் வேண்டாம்.

போன கிளினிக்கில் ஐந்தில் நான்கு உள்ளேயே கிடைத்தன. ஐந்தாவதற்குத் துண்டு. அம்மா அதை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார், பிறகு வீட்டுக்கு வந்ததும் லாச்சியைத் தானே திறந்து காட்டினார்.