86பாக்ஸில் விண்டோஸ் 98: பழைய தமிழ் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்க ஒரு கணினி

தொண்ணூறுகளின் கடைசியில் பேஜ்மேக்கரில் பக்கம் வடிவமைத்து அச்சுக்குப் போன ஆண்டு மலர்கள், சிற்றிதழ்கள், புத்தகங்களின் மூலக் கோப்புகள் இன்னும் பலரிடம் சிடியில் இருக்கின்றன. எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்தவை. அந்தக் காலத்து மென்பொருள்களின் இன்ஸ்டாலர்கள் பல 16 பிட் என்பதால் இன்றைய 64 பிட் விண்டோஸில் அவை ஓடாது. அந்தக் கோப்புகளை முழுசாக வெளியே எடுக்க, அவை பிறந்த சூழலையே ஒரு எமுலேட்டருக்குள் (பழைய கணினியை மென்பொருளில் உருவாக்கும் புரோகிராம்) எழுப்புவதுதான் நம்பகமான வழி. அப்படி 86பாக்ஸ் என்ற எமுலேட்டரில் விண்டோஸ் 98 எஸ்இ (1999) நிறுவி, பக்கங்களைப் பிடிஎஃப் ஆக எடுத்த முறையை இங்கே தருகிறேன். விண்டோஸ் 98 சிடியும் அதன் 25 எழுத்துச் சாவியும் உங்களுடையவையாக இருக்க வேண்டும்; அது இலவச மென்பொருள் அல்ல.

முதலில் எமுலேட்டர் தேர்வு. பெரும்பாலானோர் நேராக விர்ச்சுவல்பாக்ஸுக்குப் போகிறார்கள். அது உங்கள் கணினியின் உண்மையான பிராசசரிலேயே பழைய ஓஎஸ்ஸை ஓட்டுகிறது, சிக்கல் அங்கேதான். விண்டோஸ் 98இன் நினைவக நிர்வாகத்தில் ஒரு பிழை உண்டு. பக்க அட்டவணையை (எந்த முகவரி நினைவகத்தில் எங்கே என்ற பட்டியல்) மாற்றியபின், அந்தப் பட்டியலின் நகலாகப் பிராசசர் வைத்திருக்கும் டிஎல்பி நினைவைச் சரியாக அழிக்காமல் விட்டுவிடும். அன்றைய பிராசசர்களில் அது வெளியே தெரியவில்லை. ஏஎம்டி ஜென் 2 முதலும், இன்டெல் 11ஆம் தலைமுறை முதலும் விர்ச்சுவல் மெஷினில் ஓட்டும்போது வெளிப்படுகிறது: செட்டப் நடுவில் புரொடெக்‌ஷன் எரர், எக்ஸ்ப்ளோரர் காரணமில்லாமல் விழுவது, எந்த புரோகிராமைத் திறந்தாலும் இல்லீகல் ஆபரேஷன். பேட்சர்9எக்ஸ் என்ற கருவி இதைத் திருத்துகிறது, நன்றாகவே திருத்துகிறது. ஆனாலும் விர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸ் 98க்கு கெஸ்ட் அடிஷன்ஸ் (உள்ளே நிறுவும் டிரைவர் தொகுப்பு) கிடையாது. 16 வண்ணத்தைத் தாண்ட தனி டிஸ்ப்ளே டிரைவர் தேடிப் போட வேண்டும்.

86பாக்ஸ் அப்படியில்லை. பிராசசர், மதர்போர்டு, வீடியோ கார்டு, டிஸ்க் கன்ட்ரோலர் எல்லாவற்றையும் அது மென்பொருளில் அப்படியே நடிக்கிறது. விண்டோஸ் 98க்குத் தான் 1997ஆம் ஆண்டு கணினியில் இருப்பதாகவே தெரியும். டிரைவர்களும் அதன் சிடியிலேயே இருக்கும். அதற்குக் கொடுக்கும் விலை வேகம்தான். ஒரு கணினியை முழுசாக நடிக்க உங்கள் பிராசசரின் ஒரு கோர்தான் பெரும்பாலும் உழைக்கிறது. எத்தனை கோர் இருக்கிறது என்பதைவிட ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதே முக்கியம்.

86பாக்ஸை இறக்கும்போது அதன் ரோம் தொகுப்பையும் (பழைய மதர்போர்டுகள், கார்டுகளின் சில்லுகளில் இருந்த மென்பொருள்) தனியாக இறக்கி, புரோகிராம் இருக்கும் ஃபோல்டருக்குள் ரோம்ஸ் என்ற பெயரில் வையுங்கள். இது இல்லாவிட்டால் எந்த மதர்போர்டும் பட்டியலில் வராது.

நான் வைத்த அமைப்பு: ஆசுஸ் டிஎக்ஸ்97 மதர்போர்டு, பென்டியம் எம்எம்எக்ஸ் 166 மெகாஹெர்ட்ஸ், 64 எம்பி ரேம், எஸ்3 வெர்ஜ் டிஎக்ஸ் வீடியோ கார்டு. 233 மெகாஹெர்ட்ஸ் என்று ஆசைப்பட வேண்டாம். ஜன்னலின் மேலே வேகம் சதவீதத்தில் தெரியும். அது 100க்குக் கீழே இறங்கிக்கொண்டே இருந்தால் உங்கள் கணினிக்கு அந்த பிராசசர் அதிகம், ஒரு படி குறையுங்கள். 166 ஆனாலும் நிலையாக 100 சதவீதத்தில் ஓடுவது, 233 திக்கித் திக்கி ஓடுவதைவிட மேல். ரேமையும் கொட்ட வேண்டாம். விண்டோஸ் 98க்கு 512 எம்பிக்கு மேல் கொடுத்தால் டிஸ்க் கேச்சுக்கான முகவரி இடம் முட்டிக்கொண்டு, நினைவகம் போதவில்லை என்று தலைகீழான செய்தியோடு நின்றுவிடும். சவுண்ட் கார்டும் நெட்வொர்க் கார்டும் இந்த வேலைக்குத் தேவையில்லை. சாதனம் குறையக் குறைய ஹார்ட்வேர் கண்டறியும் கட்டம் சுலபமாகும். பாதுகாப்புத் திருத்தங்கள் 2006இலேயே நின்றுபோன ஓஎஸ்ஸை இணையத்தில் விடாததும் நல்லது.

ஹார்ட் டிஸ்க்கை 4 ஜிபிக்கு, நிலையான அளவு விஎச்டி (ஒரு டிஸ்க்கையே ஒரே கோப்பாக வைக்கும் வடிவம்) வகையில் உருவாக்குங்கள். அந்தக் கால பயாஸ்கள் (மதர்போர்டின் தொடக்க மென்பொருள்) பலவற்றுக்கு 8.4 ஜிபி வரைதான் கண் தெரியும். 4 ஜிபி எல்லா வகையிலும் பத்திரம். விஎச்டி எதற்கு என்றால், வேலை முடிந்தபின் இன்றைய விண்டோஸிலேயே அதை நேராக இணைத்துக் கோப்புகளை எடுக்கலாம். டிஸ்க் ஐடிஇ முதல் சேனலிலும், சிடி டிரைவ் அட்டாப்பி வகையாக இரண்டாம் சேனலிலும் இருக்கட்டும். இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் ஏதாவது ஒன்று காணாமல் போகும்.

முதல் தடவை இயக்கும்போது சிமாஸ் (பயாஸ் அமைப்புகளைச் சேமிக்கும் நினைவகம்) செக்சம் எரர் வருவது இயல்பு. உள்ளே எதுவும் சேமிக்கப்படவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். டெலீட் விசையை அழுத்தி பயாஸுக்குள் போய், டிஸ்க்கைத் தானாகக் கண்டறியச் செய்து, பூட் வரிசையில் ஃப்ளாப்பியை முதலில் வைத்துச் சேமியுங்கள்.

விண்டோஸ் 98 பூட் ஃப்ளாப்பியின் இமேஜை ஏ டிரைவிலும், சிடியின் ஐஎஸ்ஓவை (சிடியின் முழுக் கோப்புப் பிரதி) சிடி டிரைவிலும் போட்டு இயக்கினால் மெனு வரும். முதல் தேர்வு, சிடி-ரோம் ஆதரவோடு தொடங்குவது. அடுத்து, டிஸ்க்கைப் பார்ட்டிஷனாகப் பிரிக்கும் எஃப்டிஸ்க். பெரிய டிஸ்க் ஆதரவு வேண்டுமா என்று கேட்டால் ஒய் (Y) கொடுக்க வேண்டும். என் (N) கொடுத்தால் பழைய ஃபேட்16 வடிவம் ஆகி, ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபியோடு நின்றுவிடும். பிறகு மெனுவில் 1, மறுபடி 1, முழு இடத்தையும் எடுத்துக்கொள்ளவா என்றதற்கு ஒய். பார்ட்டிஷன் தானாகவே ஆக்டிவ் ஆகிவிடும். இங்கே கட்டாயம் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். செய்யாமல் ஃபார்மட் கொடுத்தால் டாஸுக்குப் புதிய பார்ட்டிஷன் இருப்பதே தெரியாது.

சிடியின் டிரைவ் எழுத்துதான் இந்தக் கட்டத்தில் பலரைக் குழப்புவது. பூட் ஃப்ளாப்பி தன் கருவிகளை விரித்துவைக்க 2 எம்பி ரேமில் ஒரு பொய் டிரைவ் உண்டாக்குகிறது. ஹார்ட் டிஸ்க்கில் பார்ட்டிஷன் இல்லாதபோது அந்த ரேம் டிரைவ் சி, சிடி டி. பார்ட்டிஷன் போட்டு ரீஸ்டார்ட் செய்தபின் ஹார்ட் டிஸ்க் சி, ரேம் டிரைவ் டி, சிடி இ. டி டிரைவில் செட்டப் இல்லையே என்று ஐஎஸ்ஓ மீது சந்தேகப்பட வேண்டியதில்லை. இ டிரைவில் பாருங்கள்.

சி டிரைவை ஃபார்மட் செய்ததும் செட்டப்பை சிடியிலிருந்து ஓட்டாதீர்கள். முதலில் சிடியின் வின்98 டைரக்டரிக்குள் போய் ஸ்மார்ட்டிரைவ் ஓட்டுங்கள். இது டாஸுக்கான டிஸ்க் கேச். இது இல்லாமல் காப்பி நத்தை வேகத்தில் நகரும். அடுத்து சி டிரைவில் வின்98 என்று ஒரு டைரக்டரி உண்டாக்கி, சிடியின் அதே டைரக்டரியில் நேரடியாக இருக்கும் கோப்புகளை எல்லாம் அதற்குள் காப்பி செய்யுங்கள். 200 எம்பிக்கும் குறைவுதான். செட்டப்பை அங்கிருந்து ஓட்டினால் விண்டோஸ் தன் மூலக் கோப்புகளின் இடமாக சி டிரைவையே பதிந்துகொள்ளும். பின்னால் பிரிண்டரோ வேறு சாதனமோ சேர்க்கும்போது சிடியைப் போடு என்று கேட்டு நிற்காது. சிடி டிரைவர் ஏறுவதற்கு முன்பே அப்படிக் கேட்டு முட்டுச்சந்தில் நிற்பது விண்டோஸ் 98இன் பழைய நோய். இந்த ஒரு காப்பி அதைத் தீர்த்துவிடுகிறது.

செட்டப் கட்டளையோடு ஒரு சாய்கோடும் ஐ, ஈ என்ற ஆங்கில எழுத்துகளும் சேர்த்தால் ஸ்டார்ட்அப் ஃப்ளாப்பி எழுதும் கட்டம் தவிர்க்கப்படும். ஸ்கேன்டிஸ்க் முடிந்து, சாவி கொடுத்து, டிபிக்கல் வகையைத் தேர்ந்தால் காப்பி தொடங்கும். முதல் ரீஸ்டார்ட்டுக்கு முன் ஃப்ளாப்பி இமேஜை வெளியே எடுத்துவிடுங்கள். விட்டுவிட்டால் பழைய பூட் மெனுவே திரும்ப வரும். நிறுவல் அழிந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஃபார்மட் செய்கிறவர்கள் உண்டு.

ரீஸ்டார்ட்டுக்குப்பின் ஹார்ட்வேர் கண்டறியும் கட்டம். முன்னேற்றப் பட்டை நகராமல் நின்றால் 86பாக்ஸின் கீழ்ப்பட்டையில் டிஸ்க் விளக்கைக் கவனியுங்கள். அது மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது, பொறுங்கள். வெகுநேரமாக டிஸ்க்கும் அசையவில்லை, பட்டையும் அசையவில்லை என்றால் ஹார்ட் ரீசெட் கொடுங்கள். கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் வேண்டாம். பயப்படவும் வேண்டாம். எந்தச் சாதனத்தைச் சோதிக்கும்போது நின்றதென்று செட்டப் டெட்கிராஷ் என்ற கோப்பில் எழுதி வைத்திருக்கும். அடுத்த தடவை அதைத் தாண்டிப் போகும். அதனால்தான் இந்த இடத்தில் முதலிலிருந்து தொடங்குவதைவிட ரீசெட் செய்து தொடர்வது சரி.

டெஸ்க்டாப் வந்ததும் எஸ்3 வெர்ஜ் தானாக அடையாளம் காணப்பட்டிருக்கும். 1024க்கு 768, 16 பிட் வண்ணம் வையுங்கள். பக்க வடிவமைப்பைப் பார்க்க இதற்குக் குறைந்தால் கண் வலிக்கும். இப்போது மெஷினை முறையாக ஷட்டவுன் செய்து, விஎச்டி கோப்பை ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.

வெளியிலிருந்து கோப்புகளை உள்ளே கொண்டுவர 86பாக்ஸின் புதிய பதிப்புகளில் ஒரு ஃபோல்டரையே சிடியாக மாட்டும் வசதி இருக்கிறது. பேஜ்மேக்கர், எழுத்துருக்கள், ஆவணங்கள் எல்லாம் ஒரே ஃபோல்டரில் போட்டு மாட்டினால் போதும்.

எழுத்துருவில்தான் அதிக கவனம் வேண்டும். டிடிஎஃப் என்றால் கன்ட்ரோல் பேனலின் ஃபான்ட்ஸ் வழியாக நிறுவலாம். பிஎஃப்பி, பிஎஃப்எம் என்று இரட்டையாக இருந்தால் அவை டைப் 1. அவற்றை விண்டோஸ் 98 தானாக அறியாது, அடோபி டைப் மேனேஜர் வேண்டும். கோப்பைத் திறந்ததும் பானோஸ் எழுத்துருப் பொருத்தம் (இல்லாத எழுத்துருவுக்கு மாற்று தேடும் ஏற்பாடு) பற்றிய பெட்டி வந்தால் ஓகே கொடுக்காதீர்கள். எந்த எழுத்துரு இல்லை என்று அதில் பெயர் இருக்கும். குறித்துக்கொண்டு, ரத்து செய்து, அந்த எழுத்துருவை நிறுவியபின் திறவுங்கள். ஓகே கொடுத்தால் தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கிலக் குறிகளாகவும் உச்சரிப்புக் குறியிட்ட எழுத்துகளாகவும் மாறி, வரி முறிவுகளும் சிதறிவிடும். தட்டச்சு மென்பொருள் பேரலல் போர்ட் டாங்கிளோடு (உரிமம் காட்டும் சிறு கருவி) வந்தது என்றாலும் கவலையில்லை. பார்க்கவும் அச்சிடவும் எழுத்துரு மட்டும் போதும்.

பிடிஎஃப் எடுக்க 86பாக்ஸின் போர்ட் அமைப்பில் எல்பிடி1க்கு (பிரிண்டர் போர்ட்) ஜெனரிக் போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டரைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே விண்டோஸ் 98இல் ஆப்பிள் லேசர்ரைட்டர் வகை டிரைவர் ஒன்றை எல்பிடி1இல் சேருங்கள். அதன் பிராப்பர்ட்டீஸில் ஃபான்ட்ஸ் பக்கத்தில், எப்போதும் ட்ரூடைப் எழுத்துருவையே பயன்படுத்து என்ற தேர்வை வையுங்கள். மாற்று அட்டவணைப்படி அனுப்பு என்பது முன்னிருப்பு; அதன்படி ஏரியலுக்குப் பதில் ஹெல்வெடிகா போன்ற பிரிண்டர் எழுத்துரு போய், ஆங்கில வரிகளின் அகலம் லேசாக மாறக்கூடும். அச்சிட்டதும் மெஷினின் ஃபோல்டருக்குள் பிரிண்டர் என்ற ஃபோல்டரில் கோப்பு விழும். வெளிக் கணினியில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் (போஸ்ட்ஸ்கிரிப்டைப் பிடிஎஃப் ஆக்கும் மென்பொருள்) இருந்தால் பிடிஎஃப் ஆகவே வரும். இல்லாவிட்டால் போஸ்ட்ஸ்கிரிப்ட் (பிஎஸ்) கோப்பாக வரும், அதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

அந்தப் பிடிஎஃப் கண்ணுக்கு அச்சு அசலாக இருக்கும். ஆனால் அதிலிருந்து உரையைக் காப்பி செய்தால் குறியீட்டுக் குப்பைதான் வரும், காரணம் உள்ளே இருப்பது யூனிகோடு அல்ல. உரை வேண்டுமென்றால் பேஜ்மேக்கரில் கட்டுரைக்குள் கர்சரை வைத்து எக்ஸ்போர்ட் வழியாக வெறும் உரையாக எடுத்து, வெளியே கொண்டுவந்து, அந்த எழுத்துருவின் குறியேற்றத்துக்கு ஏற்ற மாற்றியில் போடுங்கள். 1999இல் தமிழக அரசு ஏற்ற டேம், டேப் குறியேற்றங்கள் ஆனாலும், டிஸ்கி ஆனாலும், பாமினி ஆனாலும் மாற்றிகள் கிடைக்கின்றன. எது என்று தெரியாவிட்டால் இரண்டு வரியை மட்டும் ஒவ்வொன்றிலும் போட்டுப் பாருங்கள். கொம்பும் காலும் சரியான இடத்தில் உட்காருவதே அடையாளம்.

கோப்புகளை வெளியே எடுக்க மெஷினை ஷட்டவுன் செய்தபின் விஎச்டியை விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாக இணையுங்கள். லினக்ஸில் என்றால் பார்ட்டிஷன் 63ஆவது செக்டரில் தொடங்குவதால் 32256 பைட் ஆஃப்செட் கொடுத்து மவுன்ட் செய்யலாம். நிலையான அளவு விஎச்டி என்பதால் இது வேலை செய்கிறது. 86பாக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் இணைக்காதீர்கள்: இரண்டு பக்கமும் ஒரே ஃபேட் அட்டவணையில் எழுதினால் டிஸ்க் கெட்டுவிடும், அப்போது முன்பு எடுத்துவைத்த பிரதிக்குத்தான் திரும்ப வேண்டும்.