காற்றைக் கேட்டுக் கடற்கரை: மெனோர்க்காவில் ஒரு வாரம்

ஜூலை 11, 2025, வெள்ளி

நாளைக் காலை விமானம். பெட்டி கட்டி முடித்தாயிற்று, பட்டியல்தான் முடியவில்லை. ஜனவரியில் ம்யூனிக்கில் பனி கொட்டிக்கொண்டிருந்தபோது ஆரம்பித்த எக்செல் தாள் அது. மத்தியதரைக் கடலில் ஸ்பெயினுக்குச் சொந்தமான மெனோர்க்காத் தீவின் பதினான்கு கடற்கரைகள். மணலா பாறையா, கார் எதுவரை போகும், நிழல் உண்டா, கழிப்பறை உண்டா, பாப்பாவுக்கு ஆழம் சரிப்படுமா என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள். மே மாதம் ஆறாவது கட்டம் ஒன்று சேர்ந்தது: அம்மாவால் நடக்க முடியுமா?

அம்மா வேதாரண்யத்திலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகிறது. வயது 67, இடது முழங்காலில் வலி. கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆனால் 2004 டிசம்பருக்குப் பிறகு கணுக்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. "கடலைப் பாக்கறதுக்கு ஏரோப்ளேன்ல போகணுமாடி?" என்று இன்று மூன்றாவது முறையாகக் கேட்டாள். நியாயமான கேள்விதான். கேட்காத மாதிரி துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 12, சனி

வந்து சேர்ந்தோம். விமான நிலையம் கிழக்கு முனையில், மாவோ நகரத்தை ஒட்டி. அங்கிருந்து மேற்கு முனையில் இருக்கும் சியுதடெல்யா வரைக்கும் தீவின் முதுகெலும்பு மாதிரி ஒரே ஒரு பெரிய சாலை, 45 கிலோமீட்டர். கடலோரமாகச் சுற்றி வரச் சாலை கிடையாது. எந்தக் கடற்கரைக்குப் போனாலும் இந்த நடுச்சாலைக்கு வந்து, பக்கவாட்டில் ஒரு கிளையில் இறங்கவேண்டும். அதனால்தான் கடலோர ஊரை விட்டுவிட்டு நடுவில் ஃபெரேரியஸில் வீடு பிடித்தேன். என் எக்செல் புத்தியில் உருப்படியாக விளைந்தது இது ஒன்றுதான்.

சாவி கொடுக்க வந்த வீட்டுக்கார அம்மாள் ஒரு துண்டு மாவோ சீஸும் கொண்டுவந்தார். மேல்தோல் முழுக்க மிளகாய்த்தூள் பூசியது போலச் சிவப்பு. எண்ணெயும் பாப்ரிகாவும் தடவுவார்களாம். என் தாளைப் பெருமையாக நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. ஜன்னலைத் திறந்து எதிர்வீட்டு மாடியில் காயும் துணியைக் காட்டினார். காற்று வடக்கிலிருந்து வந்தால் தெற்குக் கரைக்குப் போங்கள், தெற்கிலிருந்து வந்தால் வடக்குக் கரைக்குப் போங்கள், காலையில் எழுந்து முடிவு செய்தால் போதும் என்றார்.

இங்கே வடக்குக் காற்றின் பெயர் திரமுந்தானா, தெற்குக் காற்று மிஜோர்ன். தீவின் இரண்டு பாதிகளுக்கும் அதே பெயர்கள்தாம். வடபாதி கறுத்த பலகைக் கல்லும் சிவந்த மணற்கல்லும், தென்பாதி வெள்ளைச் சுண்ணாம்புக் கல். அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "அப்படின்னா வாடைப் பக்கம், தென்றல் பக்கம்னு ஊரையே பிரிச்சு வெச்சிருக்காங்க. எங்க தாத்தாவும் காலையில வாசல்ல நின்னு கொண்டலா கோடையான்னு பாத்துட்டுத்தான் அடுத்த பேச்சு பேசுவாரு" என்றாள். கொண்டல் கிழக்கிலிருந்து, கோடை மேற்கிலிருந்து. இவளுக்கு நான்கும் தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரிந்தது.

ஜூலை 13, ஞாயிறு

கேட்டேனா? கேட்கவில்லை. தாளில் ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே கவலேரியா என்று இருந்தது. வடக்கே, செந்நிற மணல், படங்களில் பார்த்தால் செவ்வாய் கிரகத்தில் யாரோ கடலை ஊற்றி வைத்த மாதிரி இருக்கும். எதிர்வீட்டுத் துணி தெற்கு நோக்கி விறைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தும் கிளம்பினோம்.

வண்டியை நிறுத்திவிட்டு மேட்டில் ஏறினால் கீழே கடற்கரை. மரப்படிகளில் அம்மாவைக் கைப்பிடியாக இறக்கினோம். இறங்கிய பிறகுதான் கொடியைப் பார்த்தேன். சிவப்பு. அலை நுரைத்துக்கொண்டு வருகிறது, மணல் முழங்கால் உயரத்துக்குப் பறந்து காலில் ஊசியாய்க் குத்துகிறது. குடையை விரித்த வேகத்தில் அது உள்வெளியாக மடங்கியது. புளியோதரை டப்பாவைத் திறந்த அரை நிமிடத்தில் சோற்றில் மணல். பாப்பா ஒரு வாய் மென்று, "பாட்டி, சாதத்துல கல்" என்றாள். அம்மாவின் வாழ்நாளில் அவள் சமையலைப் பற்றி இப்படி ஒரு புகார் வந்ததில்லை.

மறுபடியும் அத்தனை படிகளும் ஏறினோம். இவர் காரில் ஒன்றும் பேசவில்லை. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

ஜூலை 14, திங்கள்

இன்றும் திரமுந்தானா. சரி, தெற்கு. ஆனால் வடக்குக் காற்று அடிக்கும் நாளில் தீவில் இருக்கும் எல்லாருக்கும் இதே யோசனைதான் வரும் என்பதைத் தாளில் எங்கேயும் எழுதவில்லை. எல்லாரும் ஆசைப்படும் தெற்குக் கடற்கரை மகரெல்லாவுக்குக் கோடையில் சொந்தக் கார் போகக்கூடாது. சியுதடெல்யாவிலிருந்து பேருந்து, அதற்கும் முன்பதிவு. இன்றைக்கு இடமில்லை. இன்னொரு தெற்குக் கடற்கரையான துர்கேத்தாவுக்கு வண்டியை விடலாம் என்று போனால், வண்டி நிறுத்துமிடம் நிறைந்துவிட்டது என்று வழியிலேயே மின்பலகை காட்டுகிறது. மணி ஒன்பதரைதான்.

கடைசியில் காலா கல்தானா. 'காலா' என்றால் சின்ன வளைகுடா. என் தாளில் இதற்கு நேரே "ஹோட்டல்கள், கூட்டம், வேண்டாம்" என்று சிவப்பில் எழுதியிருந்தேன். பாறைச் சுவர்களுக்கு நடுவே அரைவட்டமாக வெள்ளை மணல், பின்னால் பைன் மரங்கள். ஹோட்டல்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. கழிப்பறையும் இருக்கிறது, மணல் வரைக்கும் நடைபாதையும் இருக்கிறது. அம்மா பைன் நிழலில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "இதை விட்டுட்டு நேத்து எங்கடி கூட்டிட்டுப் போனே?" என்றாள்.

தண்ணீர் குளம் மாதிரி. நேற்று நுரைத்ததும் இதே கடல்தான். காற்று நிலத்தைத் தாண்டி வருவதால் அலை எழுப்ப அதற்குத் தூரம் போதவில்லை, பாறைச் சுவர் வேறு மறைக்கிறது. ஏமாந்துவிடக்கூடாத இடமும் இதுதான். காற்று கரையிலிருந்து கடலுக்குள் வீசுகிறது. பாப்பாவின் ஃப்ளமிங்கோ மிதவையை இவர் ஒரு கையால் பிடித்திருந்தார். கண்ணாடியைத் துடைக்க ஒரு நொடி விட்டார், அது வழுக்கிக்கொண்டு போயே போய்விட்டது. நல்லவேளை, பாப்பா மேலே இல்லை. பத்து நொடியில் நீச்சலுக்கு எட்டாத தூரம். அந்த ரோஜா நிறக் கழுத்து ஆடிக்கொண்டே வளைகுடா வாயைத் தாண்டிப் போவதை எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தோம். பாப்பா அழுதாள். அம்மா எழுந்து நின்று, "வாடையில மிதக்கற சாமானை அவிழ்த்து விட்டா இலங்கைக்குத்தான் போவும்" என்றாள். இங்கிருந்து போனால் அல்ஜீரியா. திருத்தவில்லை.

மத்தியானம் அம்மாவையும் பாப்பாவையும் இவரிடம் விட்டுவிட்டு பக்கத்து வளைகுடாவான மிஜானாவுக்கு நடந்து போனேன். பைன் காட்டு வழியாக இருபது நிமிடம். அந்தப் பாதைக்குப் பெயர் காமி தெ கவால்ஸ், குதிரைப் பாதை. கரையைக் காவல் காக்கக் குதிரையில் போனவர்களின் பழைய வழி, தீவை முழுக்கச் சுற்றி 185 கிலோமீட்டர். மிஜானாவில் துண்டு விரிக்க இடமில்லை. கால் நனைத்துவிட்டுத் திரும்பினேன்.

ஜூலை 15, செவ்வாய்

பேருந்து இல்லாவிட்டால் என்ன, கால் இருக்கிறதே. ஆறரைக்குக் கல்தானாவில் வண்டியை விட்டு, அதே குதிரைப் பாதையில் மேற்கே தனியாக நடந்தேன். படி ஏற்றம் ஒன்று, பிறகு காடு, மொத்தம் முக்கால் மணிக்குள் மகரெல்லா.

மூன்று பேர் இருந்தார்கள். ஒரு நாயும். வெயில் இன்னும் பாறைக்கு மேலே ஏறவில்லை, தண்ணீர் நீலமாக இல்லாமல் சாம்பல் பச்சையாக இருந்தது. இறங்கி நின்றேன். கழுத்தளவு ஆழத்தில் கால் விரல் நகத்தில் உரிந்த சாயம் தெரிகிறது. எட்டு மணிக்கு வெயில் உள்ளே விழுந்ததும் யாரோ விளக்குப் போட்ட மாதிரி அந்த நிறம் வந்தது. அடியில் வெள்ளை மணல், மேலே தெளிந்த நீர், அவ்வளவுதான் சூத்திரம். இந்தக் கடலில் சத்துக் குறைவு, மிதக்கும் நுண்ணுயிர் குறைவு, அதனால் கலங்கல் இல்லை. பார்க்க அழகாக இருப்பது ஒருவகையில் கடலின் ஏழ்மை.

திரும்பி ஏறும்போது எதிரே கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். மேட்டிலிருந்து பக்கத்துக் குட்டி வளைகுடா மகரெல்லேட்டாவை எட்டிப் பார்த்தேன். அங்கே பலபேர் உடையில்லாமல் குளிக்கிறார்கள். அம்மா வராததும் நல்லதுக்குத்தான்.

ஜூலை 16, புதன்

காற்று திரும்பிவிட்டது, தெற்கு. துணி இன்று எதிர்ப்பக்கம் ஆடியது. நானும் பார்த்தேன். ஆனால் பலவீனமான காற்றுதானே என்று சோன் போவ் போனோம். தீவிலேயே நீளமான கடற்கரை, இரண்டரை கிலோமீட்டர், கிழக்குக் கோடியில் ஆதி கிறித்தவத் தேவாலயத்தின் அடித்தளக் கற்கள் மணலை ஒட்டியே கிடக்கின்றன. அலை பெரிதாக இல்லை. ஆனால் தெற்குக் காற்று மேல்நீரில் மிதப்பதையெல்லாம் கரைக்குத் தள்ளிக்கொண்டு வருகிறது, முக்கியமாக ஊதா நிறச் சொறிமீன். இவர் முழங்கையில் வாங்கினார். சாட்டையால் இழுத்த மாதிரி மூன்று கோடு. உயிர்காப்பாளர் கடல்நீரை ஊற்றிக் கழுவினார். நல்ல தண்ணீர் ஊற்றாதே, தேய்க்காதே, ஐஸைத் துணியில் சுற்றி வை என்றார். அம்மா கைப்பையில் சுண்ணாம்பு டப்பா தேடினாள். கிடைக்கவில்லை, நல்லது.

ஜூலை 17, வியாழன்

கடற்கரைக்கு விடுமுறை. சாயங்காலம் சியுதடெல்யா துறைமுகம். நீண்டு ஒடுங்கிய நீர்ச்சந்து, இரு பக்கமும் படகுகள், கரையோரம் உணவகங்கள். ஒலியாய்குவா என்று ஒரு தக்காளிச் சாறு சாப்பிட்டோம். தக்காளி, வெங்காயம், பூண்டு, ஆலிவ் எண்ணெய், கொதிக்கவிடாமல் இறக்குவது, மெல்லிய வறுத்த ரொட்டிமேல் ஊற்றித் தருவார்கள். தொட்டுக்கொள்ள அத்திப்பழம். ரசத்துக்குத் தூரத்துச் சொந்தம். அம்மா உப்பு மட்டும் கேட்டாள்.

பரிமாறியவர் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டி ரிசாகா பற்றிச் சொன்னார். காற்றழுத்த அலை கடலைக் கடந்து போகும்போது, இந்த ஒடுங்கிய துறைமுகத்துக்குள் தண்ணீர் வாளியில் அலம்பின மாதிரி ஏறி இறங்குமாம். 2006 ஜூன் 15 அன்று சுமார் நான்கு மீட்டர். துறைமுகம் வற்றி, படகுகள் தரையில் உட்கார்ந்து, பிறகு தண்ணீர் திரும்பி வந்து நாற்பதுக்கும் மேற்பட்ட படகுகளை நொறுக்கியிருக்கிறது.

நான் பாதியை மொழிபெயர்க்காமல் விழுங்கினேன். ஆனால் படத்துக்கு மொழி வேண்டாமே. "தண்ணி உள்ள போயி, அப்புறம் வந்துச்சா?" என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன். "ஆள் யாரும் போகலியே?" போகலை என்றேன். அத்திப்பழத்தைப் பாதியில் வைத்துவிட்டாள்.

ஜூலை 18, வெள்ளி

கடைசி முழு நாள். மேற்குக் காற்று. தாளைத் திறக்கவே இல்லை. வீட்டுக்கார அம்மாளுக்குச் செய்தி அனுப்பினேன், ஒரே சொல் பதில் வந்தது: எஸ் கிராவ்.

வடகிழக்கில், சதுப்பு ஏரியை ஒட்டிய மீனவ ஊர், வெள்ளை வீடுகள். என் பதினான்கில் இது கிடையாது. படத்தில் எடுபடாத கடற்கரை. மணல் சாம்பல் நிறம், கரையோரம் பழுப்பு இலைக் குவியல். பாசி என்று நினைத்து முகம் சுளிப்பார்கள், ஆனால் அது பாசியே இல்லை. பொசிடோனியா என்ற பூக்கும் தாவரம், மத்தியதரைக் கடலுக்கு மட்டுமே உரியது. கடலடியில் புல்வெளியாக நிற்கிறது, உதிர்ந்த இலை கரையில் ஒதுங்கிக் குளிர்கால அலையிலிருந்து மணலைக் காக்கிறது. அதன்மேல் படகு நங்கூரம் போடுவது இங்கே குற்றம்.

ஆழம் என்பதே இல்லை. ஐம்பது மீட்டர் போனாலும் பாப்பாவுக்கு இடுப்புதான். பின்னாலிருந்து காற்று, முன்னால் ஒரு சின்னத் தீவு, அலை பெயருக்குக்கூட இல்லை. பாப்பா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அம்மா பத்து மணிக்குச் செருப்பைக் கழற்றினாள். பதினொன்றுக்குக் கணுக்கால். அடுத்த முறை நான் திரும்பிப் பார்த்தபோது சுடிதார் முழங்கால் வரை நனைந்திருந்தது, அதற்கடுத்து இடுப்பு. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் திரும்பிவிடுவாள். ஒரு கை நீரை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பளத்து ஊர்க்காரியின் முகத்தோடு கத்தினாள்: "நம்ம கடலைவிட உப்பு ஜாஸ்திடி!" உண்மைதான். ஆற்று வரத்து குறைவு, வெயிலில் ஆவியாவது அதிகம். லிட்டருக்கு 38 கிராம் அளவில் இருக்கும். வங்கக் கடலில் அவ்வளவு இல்லை.

பாப்பா கரையில் பழுப்பு உருண்டைகள் பொறுக்கினாள். பொசிடோனியா நாரை அலையே உருட்டி உருட்டிச் செய்வது, எலுமிச்சை அளவு. அம்மா ஒன்றை வாங்கி நசுக்கி முகர்ந்து, "தேங்கா நார்" என்று தீர்ப்புச் சொன்னாள்.

ஜூலை 19, சனி

பத்து மணிக்குள் வீட்டை ஒப்படைக்கவேண்டும். நேற்று இரவு பால் பொங்கி அடிப்பிடித்த பாத்திரத்தை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனேன். அம்மா ஏற்கெனவே தொட்டியருகே நின்றிருந்தாள். கையில் பாப்பாவின் உருண்டைகளில் பெரியது, கொஞ்சம் சோப்பு. பாத்திரம் பளபளவென்று இருந்தது.

"பாட்டி, அது என்னோடது!" என்று பாப்பா ஓடிவந்தாள்.

"இன்னும் நாலு இருக்கு. ரெண்டை ஊருக்கு எடுத்துட்டுப் போறேன்."