சமையலறை நடுமேடைக்குத் தரைவழியாகக் கரண்ட்

காட்பாடியில் கட்டிவரும் வீட்டில் சமையலறைக்கு நடுவே ஒரு தனி மேடை. எந்தச் சுவரையும் தொடாமல் நிற்பதால் கரண்ட் தரைவழியாகத்தான் வந்தாக வேண்டும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை இது.

மேடையில் ஓடப்போவது இண்டக்‌ஷன் அடுப்பும் மிக்ஸியும். அடுப்பு 2000 வாட்ஸ். 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர். மிக்ஸி 750 வாட்ஸ், அது ஒரு மூன்றேகால். 2.5 ஸ்கொயர் (செம்புக் கம்பியின் குறுக்குப் பரப்பு, சதுர மி.மீ.யில்) வயரே தாங்கும் என்றார் வயர்மேன். நான் 4 ஸ்கொயர் கேட்டேன். நாளைக்கு ஓவன் வாங்கினால் தரையை யார் உடைப்பது? லோடு மீறினால் தானே விழும் சுவிட்சான எம்சிபி, 20 ஆம்பியரில், அதிலிருந்து தனி லைன். அதற்கு முன்னால், கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி.

கனடாவில் இருக்கும் மைத்துனர் தன் வீட்டுப் படங்களை அனுப்பியிருந்தார். அங்கே தரைக்குள் வெந்நீர்க் குழாய் பாம்பு மாதிரி வளைந்து ஓடுகிறது. கரண்ட் பைப்பை அதை ஒட்டிப் போடக்கூடாது. சூடு ஏற ஏற வயர் தாங்கும் ஆம்பியர் இறங்கும், சாதாரண பிவிசி உறைக்கு 70 டிகிரிதான் எல்லை. படத்தைப் பார்த்த வயர்மேன், "இன்னா சார், நம்மூர் வெயிலுக்குத் தரையில வேற ஹீட்டரா?" என்று சிரித்தார். சரி, நமக்கு வெந்நீர் இல்லை. ஆனால் சிங்க்குக்குப் போகும் தண்ணீர் பைப் இருக்கிறது. அதைவிட்டு நன்றாகத் தள்ளி, தனிக் காடி வெட்டினோம்.

25 மி.மீ. கனமான பைப். திருப்பத்தில் எல்போ போட்டால் வயர் அங்கேயே சிக்கிக்கொள்ளும். அதனால் பைப்புக்குள் ஸ்பிரிங்கை விட்டு, முழங்காலில் வைத்து மெதுவாக வளைத்தார். கொஞ்சம்கூட நசுங்கவில்லை, அகலமான வளைவு. பக்கத்திலேயே காலியாக இன்னொரு பைப், உள்ளே நைலான் கயிறு மட்டும். பின்னால் எதற்காவது ஆகும். கலவை இறங்காமல் இருக்க வாயில் துணி அடைத்து டேப் சுற்றினோம். மூடுவதற்கு முன் சுவரிலிருந்து அளவு டேப்பை நீட்டிவைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். மேடையின் மரப்பெட்டியைத் தரையில் முடுக்கும்போது டிரில் எங்கே இறங்கலாம் என்று அதுதான் சொல்லும்.

பிளக் பாயின்ட் தரையில் வேண்டாம் என்பதில் மட்டும் நான் விடவில்லை. வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வீடு எங்களுடையது. கிரானைட்டுக்குக் கீழே, மேடையின் பக்கவாட்டில் வைக்கிறோம்.

கலவை இறுகியதும் வயர் இழுத்தோம், தடையில்லாமல் வந்தது. வயர் உறையைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரிலும் கசிவு இல்லை. கிரானைட் வந்ததும் பாக்ஸ் பொருத்த வேண்டும்.